சிங்கத்துக்கு விழுந்த சீட்டு

அந்தப் பைனாகுலரின் தோல்பை என் மடியில் இருக்கிறது. உப்புக்காற்றில் விறைத்துப்போன பை. பித்தளைப் பொத்தான் பச்சை பிடித்துவிட்டது. பர்மா பஜாரில் மச்சான் பழையதாக வாங்கியது. ஒரு பக்கக் கண்ணாடி பனி மூடியதுபோல் இருக்கும். "ஒரு கண்ணுல பாத்தா சிங்கம் ஓடிடுமா இன்னா?" என்பார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். தோணிரேவு என்ற எங்கள் ஏரிக்கரை ஊரில் இருபது வருடமாக நாங்கள் இருவரும் ஒரே படகு. பனிக்காலத்தில் பூநாரை பார்க்க வருகிறவர்களையும் ஏற்றிப் போவோம். பறவைக்கு நேராக அவர் படகை விடமாட்டார். வேறெங்கோ போவதுபோல் சாய்வாகப் போய்க் கழியை ஊன்றி நிறுத்துவார். வந்தவர்கள் படமெடுக்கும்போது, ஆப்பிரிக்கா போயிருக்கிறீர்களா, சிங்கம் மூச்சுவிடும் சத்தம் ஜீப்புக்குக் கேட்குமா என்று விசாரிப்பார். டிவியில் பாட்டைப் போட்டு அந்தச் சத்தத்தை மட்டும் மறைத்துவிடுகிறார்கள் என்பது அவர் குறை. நான் ஐந்தாவதோடு நின்றவன். வெளியாட்களிடம் வாய் திறக்கமாட்டேன். கழியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

என் மகள் கென்யாவில் நர்ஸ். அம்மாவும் நைனாவும் வந்தால் மூன்று நாள் காட்டைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று போன வருடம் போனில் சொன்னாள். எப்போது வசதி என்று கேட்டதற்கு, அமாவாசை கழிந்து ஏழு நாள் போகட்டும், நீரோட்டம் குறைந்திருக்கும் என்றேன். "நைனா, சிங்கம் ஏரியிலயா கீது?" என்று சிரித்தாள்.

என் மனைவிக்கு விமானம் என்றாலே பயம். அண்ணன் போகட்டும் என்றாள். மகளும் சம்மதித்தாள். மச்சான்தான் கேட்கவில்லை. தங்கச்சி இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் சிங்கம் சிங்கமாகவே தெரியாது என்றார். அன்று பைனாகுலரை ஆணியில் மாட்டியவர் பிறகு அதைத் தொடவில்லை. படகிலும் சிங்கப் பேச்சு நின்றுபோனது.

எங்கள் ஏரியில் வலை போடும் இடத்தைப் பாடு என்போம். யாருக்கு எந்தப் பாடு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். சீட்டு விழுந்தபின் மறுபேச்சு கிடையாது. அதில் கள்ளம் செய்தவன் ஊரில் தலைநிமிர முடியாது. அதனால்தான், "சீட்டுப் போட்டுடலாம்ணா" என்று அவர் வீட்டுக்கே போய் என் மனைவி கேட்டபோது அவரால் தட்ட முடியவில்லை. எழுதுவதற்குக் காகிதத்தை என்னிடம் நீட்டினாள். அவள் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. அவள் பெயர் ஒன்றில், அவர் பெயர் ஒன்றில் என்று எழுதாமல், இரண்டு சீட்டிலும் மச்சான் பெயரையே எழுதினேன். சொம்பில் போட்டுக் குலுக்கி அவளே ஒன்றை எடுத்தாள். மச்சான் அதைப் படித்துவிட்டு, பைனாகுலரை ஆணியிலிருந்து எடுத்தார்.

அதன்பிறகு பாஸ்போர்ட், மஞ்சள் காய்ச்சல் ஊசி என்று இருவரும் சேர்ந்தே அலைந்தோம். கருவாடு கட்டித் தருகிறேன் என்ற என் மனைவியிடம், அப்புறம் எல்லாச் சிங்கமும் எங்கள் ஜீப்பைத்தான் சுற்றும் என்றார். பழைய சிரிப்பு திரும்பியிருந்தது.

அடுத்த வாரம் பயணம். கண்ணாடியைத் துடைத்து வை என்று இன்று காலை இந்தப் பையைக் கொடுத்துவிட்டுப் படகைக் கழுவப் போனார். திறந்தேன். பைக்கடியில், பிரித்து நீவிய இரண்டு காகிதங்கள். இரண்டிலும் என் கோணல் எழுத்து. சொம்பிலிருந்து மீதிச் சீட்டை எடுக்க மறந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வெகுநேரம் தலைநிமிரவில்லை. பிறகு மெல்ல எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் படகைக் கழுவிக்கொண்டிருந்த மச்சான் திரும்பாமலே சொன்னார்: "ஒரு கண்ணாடிதான் நல்லா கீது மாப்ள. சிங்கம் வந்தா மொதல்ல நீ பாத்துட்டு எனக்குக் குடு."

சீட்டுகளை இருந்தபடியே பைக்குள் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.