கேட்டு எடுக்கிற தண்ணீர்

தெல்தோட்டையிலிருந்து கண்டிக்கு இறங்கும் பஸ்ஸில், பின் கதவுக்குப் பக்கத்தில், ஒரு பலாப்பழம் உருண்டுகொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு ஒருவர் காலை விட்டு இன்னொருவர் காலுக்குப் போனது. கொண்டக்டர் எரிச்சலோடு, "இது யார் பெத்த பிள்ளை?" என்று சிங்களத்தில் கேட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. எங்கள் சங்கச் செயலாளர் மட்டும் சிரிக்காமல் எழுந்து, "என்னுடையதுதான்" என்று பாடப்புத்தகச் சிங்களத்தில் பதில் சொல்லி, அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இந்த ஆளுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று ஊருக்குக் காட்ட வேறு வழி தெரியவில்லை.

இப்போது என்னைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். மேடைக்குப் பின்னால் 'மலைச் சமூகங்களின் நிலைபேறான அபிவிருத்தியில் மாணவர் பங்கு' என்று பெரிய துணி கட்டியிருக்கும். நாங்கள் படித்த காலத்தில் இந்தச் சொற்கள் இல்லை. பேராதனையில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம், ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டங்களுக்குப் போவோம், அவ்வளவுதான். மேடையில் என்னிடம் எதிர்பார்ப்பது ஊக்கம் தரும் பேச்சு. எனக்கு ஞாபகம் வருவதோ அந்தச் செயலாளரும், அவர் எனக்கு மூட்டிய கோபமும்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறியியல் பீடம், என்னைவிட இரண்டு வகுப்பு மூத்தவர். செயலாளர் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நான் கண்டி டவுன்காரி. அப்பாவுக்கு அங்கே புடவைக் கடை. கடைக்கு வருகிறவர்களோடு பேசிப் பேசியே சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அந்த ஒரே தகுதிக்காக என்னைச் சங்கத்தில் பிடித்துப் போட்டார்கள். பெண் பிள்ளையை மலைக்கு அனுப்புவதா என்று வீட்டில் ஒரு பாடு சண்டை. அதையும் தாங்கிக்கொண்டு போனால், அங்கே இந்த மனிதர்.

வேலை ஒன்றும் பெரிய வேலை இல்லை. தெல்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அங்கே தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு நல்ல தண்ணீர் கிடையாது. தேயிலை மலையிலிருந்து உரமும் அழுக்கும் கழுவிக்கொண்டு வரும் கான் வாய்க்காலில்தான் குடிக்க அள்ளினார்கள். அதற்கு மேலே, தோட்டத்து எல்லையில், பாறைக்கு அடியில் அருமையான ஊற்று ஒன்று இருந்தது. ஊற்றைச் சுற்றி மரம் நட்டு, சின்னதாக ஒரு சீமெந்துத் தொட்டி கட்டி, குழாய் போட்டு லயத்தில் ஒரு பீலி வைத்துவிட்டால் பெண்கள் வாசலிலேயே நல்ல தண்ணீர் பிடித்துக்கொள்வார்கள். தோட்டத்துத் துரை சரி சொல்லிவிட்டார். கறுப்புக் குழாய்ச் சுருள்களும் வந்து பிள்ளைக்காம்பரா வராந்தாவில் இறங்கிவிட்டன. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. அதைப் பார்த்துக்கொண்ட அக்கா எங்களைக் கண்டதும் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "தண்ணி எப்ப தங்கச்சி வரும்?"

வந்திருக்கும். செயலாளர் அண்ணன் மட்டும் அந்த ஊற்றின் மிச்சத் தண்ணீர் எங்கே போகிறது என்று பின்னாலேயே இறங்கிப் பார்க்காமல் இருந்திருந்தால் வந்திருக்கும். அது கீழே ஒரு சிங்களக் கிராமத்து வயல்களுக்குப் போனது. அவ்வளவுதான், மனிதர் பிடித்துக்கொண்டார். அவர்களைக் கேட்காமல் ஒரு முழக் குழாயும் போட விடமாட்டேன் என்றார். நாங்கள் எல்லோரும் கத்தினோம். துரையே சரி என்ற பிறகு கீழே இருப்பவர்களை எதற்குக் கேட்க வேண்டும்? காலமும் நல்ல காலம் இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒவ்வொரு வதந்திக்கும் லயத்து ஆட்கள் தேயிலைக்குள் போய் ஒளிந்த ஞாபகம் யாருக்கும் ஆறவில்லை. வம்பை விலைக்கு வாங்கவா என்று கேட்டோம். அவர் சத்தம் போடவில்லை. "கேளாமல் எடுத்தால் ஒருநாள் வெட்டுவினம். கேட்டு எடுத்தால் வெட்ட வெக்கப்படுவினம்" என்றார். அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் ஊரில் ஒரு கிணற்றுப் பங்குக்காகக் கோர்ட்டுக்குப் போய், சாகும்வரை முகம் பார்க்கவில்லையாம். யாழ்ப்பாணத்துக் கிணற்று வழக்கைத் தூக்கிக்கொண்டுவந்து தெல்தோட்டை மலையில் வைத்தார் அவர். ஒரு பௌர்ணமிப் போயா நாளில், கிராமம் பன்சலைக்குப் புத்தரைக் கும்பிடப் போயிருக்கும்போது சட்டென்று வேலையை முடித்துவிடலாம் என்று பையன்கள் திட்டம் போட்டார்கள். அவர் குழாய்ச் சுருளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சாயங்காலம்வரை இறங்கவே இல்லை. பிள்ளைக்காம்பராக் குழந்தைகளுக்கு அன்றைக்கு நல்ல வேடிக்கை.

கீழே கேட்க வேண்டிய ஆள் வெல்விதானையார். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுக் கொடுக்கும் பதவி அது. பதவி எப்போதோ போய்விட்டாலும் ஊர் அவரை அப்படித்தான் கூப்பிட்டது, தண்ணீர் விஷயத்தில் அவர் சொல்லை யாரும் தட்டுவதில்லை. மனைவி இல்லாத வீடு. சுவரில் ஒரே மகனின் படம், பட்டாள உடையில். முதல் நாளே கதிரை போட்டு உட்காரவைத்து, சாயத்தண்ணீரும் கித்துள் கருப்பட்டியும் கொடுத்து, நான் மொழிபெயர்த்ததைப் பொறுமையாகக் கேட்டு, "பார்ப்போம், வருகிற கிழமை வாங்களேன்" என்றார். எனக்கு விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது. கண்டிப் பக்கத்தில் வீடு தேடி வந்தவனிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள். தேத்தண்ணீர் கொடுத்து, வருகிற கிழமை வா என்பார்கள். வந்தவனும் புரிந்துகொண்டு வராமல் விட்டுவிட வேண்டும். கடைக்காரர் மகளுக்கு இது தெரியாதா? மேலே ஏறும்போதே சொன்னேன்: "அண்ணே, அவரு முடியாதுன்னு சொல்லிட்டாரு."

"எங்கை சொன்னவர்? பாப்பம் எண்டுதானே சொன்னவர். நீர்தானே மொழிபெயர்த்தனீர்."

அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். வெறுங்கையோடு போகக் கூடாதாம், ஊரில் பனங்கிழங்கை அவித்துக் காயவைத்து அனுப்பிய புழுக்கொடியலையும் பனங்கட்டியையும் கட்டிக்கொண்டு போனார். புழுக்கொடியலைக் கடிப்பதா, விறகோடு வைப்பதா என்று வெல்விதானையார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வந்த பொருளுக்குப் பதில் மரியாதை செய்ய வேண்டுமே. அவர் பலாப்பழத்தை வெட்டி இறக்கிவிடுவார். வேண்டாம் என்று சொல்ல இவருக்கு வாய் வராது. இரண்டு பேருக்கும் மரியாதை முற்றிப்போய், நடுவில் பஸ்ஸில் மானம் போனது எனக்கு.

தண்ணீரைப் பற்றிப் பேசப் போன இடத்தில் தண்ணீரைத் தவிர எல்லாம் பேசினார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லையாமே, உண்மையா? அந்த வெயிலுக்கு ஆட்கள் எங்கே ஒதுங்குவார்கள்? கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்குமா, புதிதாகப் போகிறவனுக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா? பனைமரத்தில் இடி விழுமா? வெல்விதானையார் கேட்பார், செயலாளர் அண்ணன் ரசித்து ரசித்துச் சொல்வார், நான் இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்லி வாய் வலித்துப் போவேன். கடைசியில் ஊற்று விஷயத்தை எடுத்தால், "பார்ப்போம், வருகிற கிழமை வாங்களேன்." சில நாள் எனக்கு அழுகையே வந்திருக்கிறது.

அந்த மழைக்காலத்தில் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் பரவியது. ஒரு பெண் குழந்தையை லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது பெட்டிதான். கான் தண்ணீரால்தான் என்று டாக்டர் யாரும் சொல்லவில்லை. பிள்ளைக்காம்பரா அக்காவுக்கு டாக்டர் சொல்லத் தேவையும் இல்லை. செத்த வீட்டில் செயலாளர் அண்ணன் ஒரு மூலையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இனியாவது மனிதருக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கீழே இறங்கத் தயாராக நின்றார்.

"அந்தப் புள்ள செத்தத அவர்கிட்ட சொல்லுங்க அண்ணே. அப்பவாவது வாயத் திறக்கட்டும்" என்றேன்.

"செத்த பிள்ளையைக் காட்டித் தண்ணி கேக்கக் கூடாது, தங்கச்சி. பிறகு அவர் தாறது சம்மதமா, பயமா எண்டு தெரியாமல் போயிடும். நீரும் சொல்லக் கூடாது."

இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சொல்லாமல் விட்டதில் மொழிபெயர்த்தவளுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் முடிவு அவருடையது. அன்றைக்கும் கீழே போய்ப் பனைமரத்தையும் கிணற்றையும் பேசிவிட்டு வந்தோம்.

பிறகு கலவரம் வந்தது. கண்டியில் எங்கள் கடை எரிந்தது. நாங்கள் ஒரு சிங்களத் தையற்காரர் வீட்டு அடுக்களையில் இருந்தபடி புகையைப் பார்த்தோம். அதை எழுத இன்னொரு நாள் வேண்டும். தெல்தோட்டைப் பக்கம் வெளியிலிருந்து வந்தவர்கள் ரோட்டோரக் கடைகளைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். லயத்து ஆட்கள் தேயிலைக்குள் மழையில் கிடந்தார்கள். கீழ்க் கிராமத்திலிருந்து அடிக்கவும் யாரும் வரவில்லை, காப்பாற்றவும் யாரும் வரவில்லை. வடக்குப் பிள்ளைகள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். செயலாளர் அண்ணன் எப்படிப் போனார், யாரோடு போனார் என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவில்லை. சொல்ல யாருக்கு நேரம் இருந்தது என்று இப்போது கேட்டால் நியாயம்தான், அப்போது எனக்கு நியாயம் பேசும் மனம் இல்லை.

பஸ் ஓடத் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்க்காமல் வீட்டில் இருக்க முடியவில்லை. பிள்ளைக்காம்பரா வராந்தாவில் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தபோது லயத்தில் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. கீழ்ப் பாதையில் குடையை ஊன்றிக்கொண்டு ஒரு சிங்களக் கிழவர் தனியாக ஏறி வந்தார். வெல்விதானையார்தான். அதற்கு முந்தின ஞாயிறும் வந்து, கதவைத் திறப்பாரில்லாமல் திரும்பிப் போனாராம்.

உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. எனக்குப் பின்னால், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். வயலுக்கு மிச்சம் போதும். இதை அந்த மஹத்தயாவிடம் சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

அவர் ஊருக்குப் போய்விட்டார் என்றேன். எப்போது வருவார் என்று கேட்டார். தெரியாது என்றேன். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. இவ்வளவு காலம் நாயாய் அலையவிட்டீர்களே, இதை அப்போதே சொன்னால் உங்கள் வாய் முத்து உதிர்ந்துவிடுமா என்று வயதுக்கும் மரியாதை பாராமல் கேட்டேன்.

வெல்விதானையார் குடைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சரி என்று சொல்லியிருந்தால் அவர் வருவதை நிறுத்தியிருப்பாரே, மகளே. என் மகன் யாழ்ப்பாணத்தில் இருக்கிறான். அந்த ஊரைப் பற்றிக் கேட்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?"

என்ன சொல்கிறார் என்று அக்கா கேட்டார். சொன்னேன். அவர் இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கிவிட்டு எழுந்து நின்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"அவரு மகன் சேதி கேக்க, எம் புள்ளைங்கதானா கெடைச்சுச்சு? அந்தப் புள்ளையப் பொதைச்சமே, அதச் சொல்லுங்க தங்கச்சி. ஒண்ணும் விடாமச் சொல்லுங்க."

ஒன்றும் விடாமல் சொன்னேன். கானைச் சொன்னேன், லொறியைச் சொன்னேன், பெட்டியைச் சொன்னேன். வெல்விதானையார் அப்போதுதான் வராந்தாப் படியில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்து, சிங்களத்திலேயே கேட்டார்.

"நான் கொடுத்திருப்பேனே. ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை?"

அந்தக் கிழமையே அவர் கிராமத்து ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். லயத்து ஆட்கள் முதலில் கதவைத் திறக்கவில்லை, பிறகு திறந்தார்கள். யாரும் யாரோடும் அதிகம் பேசாமல் குழாயைப் புதைத்தார்கள். தண்ணீர் வந்தது, இன்றைக்கும் வருகிறது, இவ்வளவு காலத்தில் ஒருவரும் அதை வெட்டவில்லை. செயலாளர் அண்ணன் சொன்னது பலித்துவிட்டது என்று இதைக் கேட்பவர்கள் கண் கலங்குகிறார்கள். எனக்குக் கலங்குவதில்லை, பற்றிக்கொண்டுதான் வருகிறது. யுத்தம் முடிந்த பிறகு அவர் ஊர்க்காரர்கள் பலரிடம் விசாரித்துவிட்டேன். வெளிநாட்டில் என்கிறார்கள் சிலர். இல்லை, யுத்தத்தின் முதல் வருஷங்களிலேயே செத்துப்போய்விட்டார் என்கிறார்கள் சிலர். எங்கேயாவது உயிரோடு இருந்தால் ஒரு தரம் வரட்டும். வெல்விதானையார் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அது என்னுடைய கேள்வி இல்லை. வந்து அவர் சொல்லட்டும்.