பூசையில் இருந்த இழைப்புளி

அக்கா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள் என்பதை என் மனைவிதான் கண்டுபிடித்தாள். கூடப் பிறந்தவன் நான் கவனித்திருக்க வேண்டும். ஆனால் அவள் வந்திருந்த இரண்டு வாரமும் நான் மொட்டைமாடிக் கொட்டகையில் ஒரு பலாப் பலகையை இழைத்துக்கொண்டிருந்தேன். அது என்னவாகப் போகிறது என்று கேட்காதீர்கள். பலகைக்கே தெரியாது.

மதுரையில் முழங்கால் ஆபரேஷன் முடிந்து, நேரே தேனியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள் அக்கா. அவள் வீடு ஆண்டிபட்டியில். கழிப்பறை கொல்லையில் இருக்கிறது. மூன்று படி இறங்கிப் போய்க் குத்தவைத்து உட்கார வேண்டும். மூன்று மாதத்துக்குக் குத்தவைக்கிற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் நாற்காலி மாதிரி உட்காருகிற கழிப்பறை. அதை நம்பி வந்தாள். அதன் கதவு இப்படி இருக்கும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

புரட்டாசி மழையில் அந்தக் கதவு ஊறிப் பருத்து, நிலைக்குள் நுழைய மறுத்து, நாலு விரல் இடைவெளியோடு நின்றுவிட்டது. தாழ்ப்பாள் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. வீடு கட்டும்போது கொத்தனாரிலிருந்து எதிர்வீட்டுக்காரர் வரை பிளாஸ்டிக் கதவுதான் போடச் சொன்னார்கள். நான்தான் மரம் என்றால் மரம் என்று நின்றேன். மரம் மூச்சு விடும் என்று எங்கோ படித்திருந்தேன். படித்தவன் வீட்டில் இப்படித்தான் ஏதாவது நடக்கும்.

மனைவி வெளியே காவல் நிற்பதாகச் சொல்லிப் பார்த்தாள். "காவலுக்கு ஆள் நிக்க நான் என்ன பேங்கா?" என்றாள் அக்கா. அதோடு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், அதுவும் மாத்திரைக்கு மட்டும் என்று முடிவு செய்துவிட்டாள்.

இந்த வீட்டில் அப்போது மரத்தைத் தள்ளிச் சீவுகிற இழைப்புளிகள் நான்கு இருந்தன. நான்கும் கையால் செய்தவை. நான்கும் என்னுடையவை. ஒரு கதவு நாலு விரலுக்கு மூட மறுக்கிறது. கணக்கு எளிதாகத் தெரியும், அதற்குத்தான் வருகிறேன்.

எனக்கு உட்காரத் தெரியாது. கல்லூரியில் வணிகவியல் நடத்தும்போது பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பேன். மாணவர்களுக்குக் கழுத்து வலி. புத்தகத்தையும் நடந்துகொண்டேதான் படிப்பேன். தினம் நடக்கச் சொன்ன டாக்டரிடம், "நிறுத்தத்தான் மருந்து வேண்டும்" என்றேன். அப்படி ஒரு நாள் அனுமந்தன்பட்டியில் ஒரு மரப் பட்டறைக்குப் புத்தக அலமாரி சொல்லப் போனேன். பட்டறைக்காரர் நாற்பதைத் தொடாதவர், கத்தோலிக்கர். உள்ளே இல்லாத மெஷின் இல்லை. ஆனால் மெஷின் ஓடிய வரியை எடுப்பதற்குத் தானே மரத்தில் இழைப்புளி செய்து வைத்திருந்தார். பழைய லாரியின் வில்பட்டையை அடித்துத் தீட்டிய தகடு, அதை இறுக்க ஒரு ஆப்பு, அவ்வளவுதான்.

"சும்மா ஒரு தள்ளு தள்ளிப் பாருங்க சார்" என்றார்.

தள்ளினேன். இழைப்புளியின் வாயிலிருந்து ஒரு சுருள் எழுந்து என் மணிக்கட்டில் விழுந்தது. அதன் வழியே பார்த்தால் பட்டறையின் டியூப்லைட் தெரிந்தது. அன்றைக்கு அலமாரி சொல்லவில்லை. இழைப்புளி சொன்னேன். அவர் நூலை என் உள்ளங்கையில் சுற்றி அளவெடுத்தார். செருப்புக்குக்கூட என்னை யாரும் இவ்வளவு அக்கறையாக அளந்ததில்லை.

முதலாவது புளிய மரத்தில் வந்தது. குட்டையாக, கறுப்பாக, கொஞ்சம் கோணலாக இருந்தது. அப்புறம் கருவேலத்தில் ஒன்று. மூன்றாவது, யார் வீட்டுக் கட்டில் காலிலிருந்தோ எடுத்த ஈட்டி மரத்தில். அதைத் தொட்டால் பூனைக்குட்டி முதுகு மாதிரி இருக்கும். நான்காவது நீளமானது, எதற்கு வாங்கினேன் என்று வீட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது. இழைப்புளியின் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினால் தகடு முடியளவு இறங்கும். பின்னால் தட்டினால் ஏறும். அந்தத் தட்டலுக்குக் காது வேண்டும். சரியாக இறங்கிவிட்டால் தள்ளும்போது ஒரு நீளமான மூச்சுச் சத்தம் வரும். அதைக் கேட்கிற வரை நிறுத்த முடியாது. கேட்ட பிறகும் நிறுத்த முடியாது.

சரி, கதவை ஏன் இழைக்கவில்லை? அதற்கு என்னிடம் நிபுணர் கருத்து இருந்தது. மழையில் ஊறின மரத்தை இழைக்காதே, காயட்டும் என்று பட்டறைக்காரர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அக்கா நாக்கு வறண்டு கீழே படுத்திருக்க, நான் மேலே பெயரில்லாத பலகைக்குச் சேவை செய்தேன். அக்கா தண்ணீர் குடிக்காத விஷயத்தை மனைவி என்னிடம் சொன்ன அன்றைக்கு ஆயுத பூசை.

காலையிலேயே நான்கு இழைப்புளிகளும் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டு, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. பக்கத்தில் என் புத்தகங்கள், பேனா, கண்ணாடி டப்பா. மறுநாள் காலை எடுக்கிற வரை எதையும் தொடக்கூடாது. படிக்கவும் முடியாது, இழைக்கவும் முடியாது. வருடத்தில் இந்த ஒரு நாள்தான் வீடு வீடாக இருக்கிறது என்று மனைவி சொல்வாள். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். கை இரண்டும் யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன.

மதியம் சுண்டலை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு அக்கா பையை எடுத்தாள்.

"நாலு மணி பஸ்ஸுக்குக் கெளம்புறேன்."

"மதினி, அங்கன போயி குத்தவச்சீகன்னா போட்ட காசும் போச்சு, காலும் போச்சு" என்றாள் மனைவி.

"இங்கன இருந்தா கிட்னி போகும். காலாவது ரெண்டு இருக்கு."

கிட்னியும் இரண்டுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டு, பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். அவருக்கு ஆயுத பூசை இல்லையே, ஒரு இழைப்புளியோடு வண்டியில் வந்துவிட்டுப் போகட்டும் என்பது என் யோசனை. பையும் கையுமாக நின்ற அக்காவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"எங்க வீட்டுல பூசை கெடையாதுதான் சார்" என்றார் அவர். "ஆனா பட்டறைப் பயலுக கேக்குறாய்ங்களா? ரம்ப மெஷினுக்கு மாலை போட்டுட்டாய்ங்க. எழப்புளி, உளி எல்லாத்துக்கும் பொட்டு. என் பைக்குக்கும் பொட்டு. இப்ப நான் ஒண்ணத் தொட்டேன்னு வைங்க, நாளைக்கு ஒருத்தனும் வேலைக்கு வரமாட்டான்."

"அவசரம்ங்க."

"அவசரம்னாலும் ஊறின கதவத் தொடாதீக சார். இப்ப எழைச்சீகன்னா பங்குனில காஞ்சு சுருங்கி, எடவெளில பூனை போகும்."

அக்கா போனைப் பார்த்துக் கத்தினாள்: "பங்குனில பூனை போனா போகட்டும். நான் இப்பப் போகணும்ல!"

பட்டறைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது யாரு சார்?"

"அக்கா."

"அப்ப எழைச்சிருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு தடையில் ஒன்று விலகியது. இன்னொன்று பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மனைவி அதற்கு முன்னால் நின்றாள். வாக்கரை ஊன்றிக்கொண்டு அக்காவும் போய் அவள் பக்கத்தில் நின்றாள்.

"ஆத்தா, இவன் பொழுதுபோக்குக்குக் கேக்கல. எனக்காகக் கேக்குறேன். ஒண்ணு போதும்" என்று படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

மனைவி யோசித்தாள். பிறகு இன்னொரு சூடம் ஏற்றிக் காட்டிவிட்டு, "ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள் என்னிடம்.

இங்கே நான் செய்ததை மறைத்துப் பயனில்லை. எதை எடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்தேன். கதவின் ஓரத்துக்கு நீளமானதுதான் இலக்கணம். ஆனால் ஈரத்துக்கு ஈட்டி வழுக்கிக்கொண்டு போகும். கருவேலம் கனம், உயரத்தில் பிடிக்க... அக்கா வாக்கரில் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினாள். மனைவி கோணல் புளிய மர இழைப்புளியை எடுத்து என் கையில் திணித்தாள்.

நிலையின் ஓரத்தில் சாக்பீஸைத் தேய்த்துக் கதவைத் தள்ளினேன். எங்கே இடிக்கிறதோ அங்கே கதவில் வெள்ளை ஒட்டும். தாழ்ப்பாள் பக்கம் மேலே ஒன்றரை முழத்துக்கு வெள்ளை. முக்காலி மேல் ஏறினேன். மனைவி கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சுருள் வரும், டியூப்லைட் தெரியும் என்றெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். ஊறின மரம் சுருளாது. நைந்த வாழைநார் மாதிரி வந்து இழைப்புளியின் வாயை அடைத்தது. மூன்று தள்ளுக்கு ஒரு தரம் ஆப்பைத் தட்டிக் கழற்றி, வாயைத் தோண்டி, மறுபடி இறுக்கித் தகட்டைச் சரி பார்க்க வேண்டியிருந்தது. ஒரு முறை எதிர்நாரில் தள்ளி ஒரு செதில் பெயர்ந்தது. குங்குமமும் வியர்வையும் சேர்ந்து என் உள்ளங்கை கொலைகாரன் கை மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் கோணல் என்று நான் ஒதுக்கி வைத்திருந்த அந்தப் பிடி, முக்காலி மேல் நின்று கையை மேலே தூக்கித் தள்ளும்போது அப்படியே பொருந்தியது. ஒரு நிமிடத்துக்கு எனக்கு வேறெங்கும் போக வேண்டும் என்று தோன்றவில்லை.

கதவை மூன்றாம் முறை சாத்திப் பார்த்தபோது அது நிலைக்குள் போய் உட்கார்ந்தது. தாழ்ப்பாளும் அதன் துளையில் போய் விழுந்தது.

"மேலே கொஞ்சம் சொரசொரப்பா இருக்கு. ரெண்டே தள்ளு" என்றேன்.

"எறங்குலே" என்றாள் அக்கா. வாக்கரால் முக்காலியை இடித்தாள். இறங்கினேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

இழைப்புளியும் கையுமாக நான் அங்கேயே நின்றேன். அந்தச் சொரசொரப்பு கண்ணை உறுத்தியது. இந்தப் பக்கமிருந்து விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

"ஏலே, இன்னும் அங்கனதான் நிக்கிறியா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"இல்லக்கா."

"பொய் சொல்லாத, மூச்சு கேக்குது. அங்கிட்டுப் போ. போயி அந்தப் பையிலருக்க சேலையெல்லாம் எடுத்து அலமாரில வைக்கச் சொல்லு."

"நீங்களே வைங்க" என்று மனைவி பையை என்னிடம் நீட்டினாள். "கைக்குத்தான் வேலை வேணும்ங்கிறீகல்ல."

கையைக் கழுவிவிட்டுப் போய் வைத்தேன். ஒன்பது சேலை. எல்லாவற்றையும் ஓரம் ஓரமாகச் சேர்த்து மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.