குளத்து வெல்லமும் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரும்

எழுபதுகளில் திருவள்ளூர் மாட்டாஸ்பத்திரியில் இருந்த கம்பவுண்டரை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். ஒல்லியான மனிதர், காக்கிச் சட்டை, காதில் செருகிய பென்சில். எந்தப் பிராணி வந்தாலும் முதலில் அதன் சாணியைத்தான் கேட்பார். விரலால் நசுக்கி முகர்ந்து பார்ப்பார்.

நான் வளர்த்த முயலுக்கு வயிறு உப்பி, புழுக்கை விழவில்லை. அமாவாசையன்று, வெல்லம் போல அதன் நோவும் கரையட்டும் என்று வேண்டிக்கொண்டு கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தேன். கையில் மிஞ்சிய கட்டியை முயலுக்கே ஊட்டினேன். மறுநாள் அது சுருண்டு படுத்துவிட்டது. தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"இன்னாம்மா குடுத்தே?"

"சாமிக்கு வேண்டிக்கினு கரைச்ச வெல்லத்துல மிச்சம்..."

"கொளத்துல கரைக்கிறத மொசலு வவுத்துல கரைச்சா அது பொயைக்குமா? நீ சாமி கும்புடு, அது புல்லு துன்னட்டும்!"

மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

மருந்து கொடுத்தார். புல்லும் தண்ணீரும் மட்டும் என்றார். ஒரு வாரம் அறுகம்புல் பறித்துப் போட்டு, வயிற்றைத் தடவித் தடவி என் கை ஓய்ந்தது. புழுக்கை உருண்டையாக விழுந்ததும், அவர் மூஞ்சியில் காட்டவென்றே பொட்டலம் கட்டிக்கொண்டு, முயலோடு போனேன். நசுக்கினார், முகர்ந்தார். பிறகு முயலைத் தடவி, "நல்லாகீறியா கண்ணு? ரொம்பப் படுத்திட்டாங்களா?" என்று கேட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

என்ன அநியாயம்! இருந்தும், அமாவாசைதோறும் பெயர் தெரியாத அந்த மனிதருக்கும் ஒரு கட்டி வெல்லம் கரைக்கிறேன், திட்டிக்கொண்டே.