மாடியில் பல் டாக்டர்

காரைக்குடிக் கடைவீதியில் புதிதாக எழும்பியிருக்கும் பெரிய கட்டடத்தின் முன்னால் நிற்கிறோம். முன்பக்கம் ஜவுளிக்கடையும் காபி கிளப்பும், பின்னால் சினிமாக் கொட்டகை, மாடியில் பல் டாக்டர். எல்லாம் ஒரே இடத்தில் என்று பஸ்ஸில் ஒருவர் பெருமையாகச் சொல்லி அனுப்பினார். கானாடுகாத்தான் கல்யாணத்துக்குக் கிளம்பிய என் மனைவிக்கு வழியிலேயே பல்வலி கண்டு கன்னம் வீங்கிவிட்டது.

மாடிப்படியோ கொட்டகைக்குள்ளே இருக்கிறது. மேட்னி தொடங்கிவிட்டதால் கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

"டிக்கெட் எடுத்துட்டு வாரீகளா?" என்கிறார் கேட்காரர்.

"பல்லைக் காட்டுறதுக்கு டிக்கெட்டா?"

"மொதலாளி உத்தரவுங்க."

கத்திப் பார்த்துவிட்டு இரண்டு டிக்கெட் வாங்குகிறேன். படியேறினால் டாக்டர் அறை பூட்டிக் கிடக்கிறது. இறங்கி வந்து கேட்காரரைப் பிடிக்கிறேன்.

"டாக்டர் அங்குட்டு படம் பாக்குறாக. இடைவேளையில வருவாக."

"முதல்லயே சொல்லக் கூடாதாய்யா?"

"சொன்னா மட்டும் டிக்கெட் இல்லாம விட்டுருவேனா?"

வேறு வழியில்லாமல் இருட்டில் தடவி உட்காருகிறோம். எனக்குத் திரையைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வருகிறது. கன்னத்தில் துண்டை அழுத்தியபடி மனைவி முனகுகிறாள். கொஞ்ச நேரத்தில் முனகல் நிற்கிறது. படத்தில் மாமியார் மருமகளை வீட்டைவிட்டுத் துரத்தும்போது அதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

இடைவேளையில் கேட்காரர் டாக்டரை அழைத்து வருகிறார். டாக்டர் டார்ச் அடித்து அவள் வாய்க்குள் பார்க்கிறார்.

"பிடுங்கிரலாம். மேல வாங்கம்மா."

மனைவி எழுந்திருக்கவில்லை.

"படம் முடியட்டும் டாக்டர். அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு தெரியணும்."

"அதுவும் சரிதான்," என்று டாக்டர் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறார்.