விரலுக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டு

மருத்துவமனை அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் 'பூட்டு சார்' என்றுதான் சொல்வார்கள். மானிட்டரில் பாஸ்வேர்டை யாராவது எழுதி ஒட்டியிருந்தால் மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கிழித்துக் குப்பையில் போட்ட பிறகுதான் நகர்வார்.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அவரே ஒரு சின்ன புரோகிராம் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார். ஓட விட்டால் குட்டிக் கட்டம் ஒன்று திறந்து தலைமைப் பாஸ்வேர்டைக் கேட்கும். சரியாக அடித்தால், சங்கேதமாக்கிப் பூட்டிய ஃபைலிலிருந்து வேண்டிய பாஸ்வேர்டை எடுத்துத் தரும். அந்தத் தலைமைப் பாஸ்வேர்டை மட்டும் மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை.

"நீங்க மறந்துட்டா?" என்று ஒருநாள் அவள் கேட்டாள்.

"மறக்கிறதுக்கு என்ன இருக்கு? கை தானா அடிக்குது" என்று சிரித்தார்.

உண்மைதான். தலையும் வாலும் இல்லாத எழுத்தும் குறியுமாக நீளமாக வைத்து, விரலுக்குப் பழக்கியிருந்தார். வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் அவருக்கே வராது.

ஒரே மகள் காய்ச்சலில் போனபோது, அவள் பேசி அனுப்பிய குரல் பதிவுகளை எல்லாம் போன்களிலிருந்து எடுத்து இணையக் கணக்கு ஒன்றில் போட்டுப் பூட்டினார். அதன் பாஸ்வேர்டும் அந்த ஃபைலுக்குள் போனது. போன் தொலையும், உடையும். அவருக்கு எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. அவர் பயந்தபடியே பழைய போன்கள் செத்தும் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் திறந்து கொடுப்பார், அம்மாக்காரி கேட்டுவிட்டு எழுந்து போவாள்.

அப்புறம் பக்கவாதம் வந்து வலது கையை முடக்கிப் போட்டது.

மனைவி அந்தக் கையைத் தூக்கி விசைகள் மேல் வைத்துப் பார்த்தாள். அது யார் வீட்டுக் கையோ போலக் கிடந்தது. இடது கை மட்டும் எதையெதையோ தட்டியது, ஃபைல் திறக்கவில்லை. கணக்கை வேறு வழியில் மீட்கலாம் என்றால் மெயிலின் பாஸ்வேர்டும் அந்த ஃபைலுக்குள்தான்.

"எனக்குத் தெரியாதும்மா. கைக்குத்தான் தெரியும்" என்று குழறினார்.

அவர் இடத்தில் வேலைக்கு வந்திருந்த பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் ஸ்கிரிப்டை வரிவரியாகப் படித்தாள். எங்கேயாவது ஒரு தப்பு பண்ணியிருக்க வேண்டுமே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வேண்டிக்கொண்டார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றாள் அவள். "ஒரு ஓட்டைகூட இல்ல."

இத்தனை வருட வேலையில் ஒருத்தரும் அவருக்குச் சொல்லாத வார்த்தை. தலை நிமிராமல் கேட்டுக்கொண்டார்.

அந்தப் பெண் போன பின்பும் மனைவி வாசல் கதவைச் சாத்தாமல் அங்கேயே நின்றாள்.

"நம்ம பொண்ணு குரல் எனக்கு மறந்துட்டு வருதுங்க" என்றாள்.