பெயர் சொல்ல ஆளில்லாத அக்காரி

ஜோசிவான் தங்கச் சுரங்கத்துப் பக்கம் ஓடிப்போய்விட்டான், அங்கே அவனுக்கு ஒரு மஞ்சள் வீடும், அதைவிட மஞ்சளாகத் தலைமுடி வளர்த்த ஒருத்தியும் இருக்கிறார்கள் என்று சிங்கு ஆற்றங்கரையில் அல்தமிரா படித்துறை முழுக்கப் பேச்சு. முதலில் அந்த வீட்டுக்கு ஓலைக் கூரைதான் இருந்தது. ரொட்டிக் கடையில் பேசி முடிப்பதற்குள் ஓடு மாற்றிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது வீட்டுக்குள் ஃபிரிட்ஜும் வந்து இறங்கியிருந்தது. எங்கள் ஊரில் ஒரு ஆணுக்கு இவ்வளவு வேகமாக வசதி பெருகுவது காணாமல்போனால் மட்டும்தான்.

அவன் மனைவி மார்லூசிக்கு இந்த வதந்தி பொய்யாக இருக்க வேண்டும் போலவும் இருந்தது, மெய்யாக இருக்க வேண்டும் போலவும் இருந்தது. மெய் என்றால் அவன் துரோகி. ஆனால் உயிரோடு இருக்கிற துரோகி. எது என்று தெரிந்தாக வேண்டும். அவள் கையில் இருந்த ஒரே சாட்சி ஒரு மீன்.

ஜோசிவான் அக்காரி பிடிக்கிறவன். அக்காரி என்பது உடம்பெல்லாம் ஓடு போர்த்தி, உறிஞ்சும் வாயால் பாறையைக் கவ்விக் கிடக்கிற கெளுத்தி. உலகமெங்கும் மீன்தொட்டிக் கண்ணாடியை நக்கிக்கொண்டிருக்கும் ஏழைக் கெளுத்திகளின் பணக்காரச் சொந்தம். காற்றடிக்கும் இயந்திரம் படகில் ஓட, அதன் குழாயை வாயில் கடித்துக்கொண்டு சிங்கு ஆற்றுக்குள் இறங்க வேண்டும். பாறை இடுக்கில் கையை விட்டு, குச்சியால் குத்திக் கிளப்பி, இடுப்பில் தொங்கும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் போட வேண்டும். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள மேலே ஒரு ஆள் அவசியம். அன்று ஜோசிவான் தன் கூட்டாளி தோனிகோவிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போயிருக்கிறான். மறுநாள் படகு மட்டும் கீழாற்றில் மிதந்து வந்தது. கட்டிய கயிறு அவிழ்ந்திருந்தது, டீசல் தீர்ந்திருந்தது, குழாய் பாதியில் அறுந்திருந்தது. படகுக்குள் தேங்கிய தண்ணீரில் ஒரு பாட்டில். அதற்குள் உயிரோடு ஒரு அக்காரி.

தேடினார்கள். எங்கே என்று தேடுவது? சிங்கு என்ன வாய்க்காலா? முக்குளிக்கிறவன் ஒவ்வொருவனுக்கும் மீன் எடுக்கத் தனிக் கல் உண்டு. அதை அவன் பெண்டாட்டிக்கும் சொல்லமாட்டான், பாவமன்னிப்பில் பாதிரியாருக்கும் சொல்லமாட்டான். "எங்க போன?" என்று கேட்டால் "மேல" என்பான், இல்லாவிட்டால் "கீழ" என்பான். மார்லூசியின் மொத்தத் தாம்பத்தியமும் இந்த இரண்டு பதில்களில் நடந்திருந்தது.

ஆனால் அக்காரி ஊர் சுற்றாது என்பது அவளுக்குத் தெரியும். எந்த இனமும் தன் பாறையை விட்டு நகராது. சில இனங்கள் ஒரே ஒரு நீர்ச்சரிவைத் தாண்டி எங்கும் கிடையாது. இது என்ன அக்காரி என்று யாராவது சொல்லிவிட்டால் அவன் எந்தக் கல்லில் இறங்கினான் என்று தெரிந்துவிடும். அங்கே அவன் இல்லை என்றால், சரி, மஞ்சள் வீடு வாழ்க.

மீனை வாளியில் விட்டுத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். முதலில் வெளிநாட்டுக்கு மீன் அனுப்பும் அதெமாரின் கொட்டகை; ஊருக்கு அவர் மரியாதையாகச் 'சேயு' அதெமார். அவர் ஜெர்மன்காரர்களின் படப் புத்தகத்தைப் புரட்டினார். மீனைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"புதுசு, தோனா மார்லூசி. கறுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளி, வால் ஓரத்துல மட்டும் மங்கல். இந்தப் புத்தகத்துல இதுக்கு இன்னும் நம்பர்கூட விழல. எனக்கே குடுத்துடுறீங்களா?"

"என் புருஷன் எங்கன்னு கேட்டா, மீன் விலைக்கு வருமான்னு கேக்குறீங்களே!"

"ரெண்டும் ஒரே கேள்விதானே," என்றார் அதெமார். பிறகு சொன்னதற்கு வெட்கப்பட்டு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார்.

அடுத்து படித்துறை. இருட்டுத் தண்ணீரில் விரலால் தடவியே இது ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்லிவிடுகிற மேதைகள் வாளியைச் சுற்றிக் கூடினார்கள்.

"குட்டியில இப்படித்தான் புள்ளி இருக்கும். வளந்தா போயிடும்."

"போடா, இது பாட்டில்ல கெடந்து வெளுத்துப்போன மீனு. இதை வச்சு என்னத்தச் சொல்ல?"

"கலப்பு, தங்கச்சி. அப்பன் ஒரு கல்லு, ஆத்தா ஒரு கல்லு. நம்ம தோனிகோ மாதிரி."

சிரித்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. மாலைக்குள் மார்லூசிக்குப் புரிந்துவிட்டது. மீனைத் தெரியும் என்றால் கல்லைத் தெரியும் என்று அர்த்தம். கல்லைத் தெரியும் என்றால் மறுநாள் பத்துப் படகு பின்னாலேயே வரும். ஆகவே அத்தனை மேதைகளுக்கும் ஒரே நாளில் கண் அவிந்துவிட்டது.

கடைசியாக வால்தெனோர் வீடு. ஜோசிவான் மகளுக்கு ஞானத்தகப்பன் அவன்; அந்த உறவில் அவள் அவனுக்குக் கும்மாதிரி, அவன் அவளுக்குக் கும்பாதிரி. மற்றவர்கள் எல்லாரும் மீனின் முதுகைத்தான் பார்த்தார்கள். அவன் வாளிக்குள் கைவிட்டு மீனை எடுத்ததும் முதுகைப் பார்க்காமல் சட்டென்று மல்லாத்தி, கட்டைவிரலால் அடிவயிற்றைத் துடைத்தான். வால் பக்கம் தேன் நிறத்தில் ஒரு தீற்றல். மார்லூசிகூட அதுவரை பார்த்ததில்லை. மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டான்.

"தெரியல, கும்மாதிரி."

"தெரியாத மீனை யாராவது மல்லாத்திப் பாப்பாங்களா, கும்பாதிரி?"

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அது என் கல்லு," என்றான். "என் ஒருத்தன் கல்லு. அவன் அங்க போயிருக்க மாட்டான். ஞான உறவுக்காரன் கல்லுல எவனும் கை வைக்க மாட்டான்."

"வச்சிருக்காரு. சொந்தக் கல்லுக்குப் போறவரு எதுக்குத் தோனிகோகிட்ட வயித்துவலின்னு சொல்லணும்?"

வால்தெனோர் வாளியை அவள் பக்கம் நகர்த்தினான்.

"திருடப் போனாருன்னு நானே ஊரெல்லாம் சொல்றேன். படித்துறையில நின்னு கத்துறேன். நீங்க என்னைக் கூட்டிட்டு மட்டும் போங்க."

"கூட்டிட்டுப் போனா கல்லுக்குக் கல்லு குடுக்கணும், கும்மாதிரி. நான் உண்டாக்குன வழக்கமா? ஒருத்தன் தன் கல்லைக் காட்டினா, பாத்தவங்க தங்களோட கல்லைக் காட்டணும். இல்லேன்னா நாளைக்கு எம் பிள்ளைங்க என்னத்தத் திங்கும்?"

"குடுக்கிறேன்," என்றாள். என்ன கொடுக்கிறோம் என்று யோசிக்கக்கூட இல்லை.

மறுநாள் வெயில் ஏறியதும் போனார்கள். மேலாற்றில், ஆள் இறங்க அஞ்சும் ஒரு சுழலுக்குப் பின்னால் கறுப்புப் பாறை. வால்தெனோர் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கினான். மார்லூசி இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மேலே வந்தான். படகில் ஏறவில்லை. விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்க்காமல் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மஞ்சள் வீடு அந்த நொடியில் இடிந்தது. ஊரில் அதை உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தது தான் ஒருத்திதான் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"கை உள்ள மாட்டியிருக்கு," என்றான் வால்தெனோர். "அவன் சும்மா கெடந்திருக்க மாட்டான், கும்மாதிரி. பாறையைச் சுத்திக் கீறல். நான் ஒருத்தனா எடுக்க முடியாது. ஆள் வேணும்."

ஆள் வேண்டும் என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவன்தான் போய் அழைத்து வந்தான்.

படித்துறை மொத்தமும் கயிறும் கடப்பாரையுமாக வந்தது. குறை சொல்லக் கூடாது, உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். ஜோசிவானை மேலே கொண்டுவந்தபோது விம்மி விம்மி அழுதார்கள். அழுதுகொண்டே ஒவ்வொருவனும் கரையில் எந்த மரத்துக்கு நேரே எந்த மரம் நிற்கிறது என்று பார்த்து மனதில் குறித்துக்கொண்டான். அடக்கம் முடிந்து காப்பியும் மரவள்ளி மாவும் வருவதற்குள் சிலருக்குத் தலைவலி வந்து கிளம்பிவிட்டார்கள். அத்தனை தலைவலியும் மேலாற்றுப் பக்கம் போயிற்று. வாளித் தண்ணீரை மாற்ற யாருக்கும் நினைவில்லாததால் அந்த மீன் அன்றைக்கே செத்தது.

மழைக்காலம் வருவதற்குள் வால்தெனோரின் கல்லில் எடுக்க ஒன்றும் மிச்சமில்லை. சேயு அதெமாரின் பெட்டிகளில் அந்த மீன் விமானம் ஏறியது, ஜெர்மன்காரர்கள் நம்பர் போட்டார்கள். படித்துறையில் அதற்கு 'விதவை அக்காரி' என்று பெயர். "விதவை இன்னிக்கி என்ன வெல?" என்று ஆண்கள் கேட்பது காதில் விழும்போது மார்லூசி மீன் கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு நடப்பாள்.

வால்தெனோர் இப்போது கூலிக்கு வேறொருவன் படகில் இயந்திரம் பார்க்கிறான். எப்போதாவது வேலிக்கு வெளியே வந்து நிற்பான். அவள் கொடுக்க வேண்டிய ஜோசிவானின் கல்லைப் பற்றி நேராகக் கேட்கமாட்டான்.

"கும்மாதிரி, அவன் வீட்டுக்கு வரும்போது கால்சட்டையில செம்மண் ஒட்டியிருக்குமா, வெள்ளை மணலா?"

அவள் உண்மையாகவே யோசிப்பாள். எத்தனை வருஷம் அந்தக் கால்சட்டையைத் திட்டிக்கொண்டே துவைத்திருக்கிறாள்! நிறத்தைப் பார்த்ததே இல்லை.

"சிவப்புன்னுதான் நெனைக்கிறேன்... இல்ல, கும்பாதிரி. தெரியல."

"பரவால்ல. ஞாபகம் வந்தா சொல்லுங்க."

அவன் போன பிறகு பெட்டியைத் திறந்து ஜோசிவானின் துணிகளை ஒவ்வொன்றாக எடுப்பாள். பைகளை வெளியே இழுத்து, தையல் மடிப்புகளை நகத்தால் பிரித்துப் பார்ப்பாள். ஒரு மணல் துகள் கிடைத்தால் போதும், அதைக் கொண்டுபோய் அவன் கையில் வைத்துவிடலாம். அத்தனை துணியையும் அவள்தான் துவைத்தாள். எல்லாம் சுத்தமாக இருக்கின்றன.