குறி கேட்காத அக்கா

ஒரு சின்னச் சட்டி, அதற்குள் ஒரு கடலைச் செடி. அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் அதுதான் கண்ணுக்குள் வந்து நிற்கிறது. காலையில் வளர்ப்பறைக்குள் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஃபானை நிற்பாட்டுவா. இரைச்சல் அடங்கும். தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும் நாற்றுகள் மெல்ல மெல்ல ஆட்டம் நின்று, நிலக்கீழ் அறை செத்த வீடு மாதிரி ஆகிவிடும். பிறகு அந்தச் சட்டியை ஒரு கையால் தூக்கி, முகத்துக்கு நேரே பிடித்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு இலைகளையே பார்த்துக்கொண்டு நிற்பா. "என்னக்கா, செடிக்குத் திருநீறு போட்டுப் பார்வை பார்க்கிறீங்களோ?" என்று பகிடி விடுவேன். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனுசி, அதற்கு மட்டும் சிரித்ததில்லை.

ரொறன்ரோவில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆய்வுகூடத்தில் வேலை. அவ ஆய்வாளர், நான் உதவியாள்; கூடப் பிறந்தவ இல்லை, வயதில் மூத்தவ என்பதால் அக்கா. கருகல் நோயைத் தாங்கக்கூடிய கடலையை உருவாக்குவதுதான் வேலை. ஊரில் கோயில் வாசலில் சுண்டல் விற்பார்களே, அதே கொண்டைக்கடலை. நாற்று நாலு இலை விட்டதும் ஒன்றைக் கிள்ளி அரைத்து, அதன் மரபணுவில் ஒரு குறியைத் தேடுவோம். குறி இருந்தால் நோயைத் தாங்கும், இல்லாவிட்டால் கருகும். பச்சைப் பசேலென்று நிற்கிற செடியைப் பார்த்து, இது சாகும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற வேலை. "நாங்கள் குறி சொல்லுறவையடி, தட்சணைதான் வாறேல்லை" என்பா அக்கா. பிறகு நோய்க்கிருமி கலந்த நீரைத் தெளித்து, சொன்ன குறி பலிக்கிறதா என்று பார்ப்போம். ஒவ்வொரு தட்டிலும் கடைசி வரிசை கட்டாயம் சாக வேண்டிய வகை. அது செத்தால்தான் நோய் உண்மையிலேயே வந்தது என்று நம்பலாம். பாவம், அதைச் சாகவென்றே விதைப்போம்.

ஒருமுறை அந்த வரிசை சாகவில்லை. மற்றதெல்லாம் குறி சொன்னபடியே நடந்திருக்க, அது மட்டும் ஒரு புள்ளிகூட விழாமல் நின்றது. தெளிக்கிற குழாயின் வாய் அந்தப் பக்கம் அடைத்திருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தோம். தூக்கி எறியப் போனேன். அக்கா ஒரு செடியை மட்டும் எடுத்துச் சட்டியில் வைத்தா.

"தப்பினது வேற, தாங்கினது வேற எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்?" என்றேன்.

"ஓம், உது தப்பினதுதான். கொஞ்ச நாளைக்கு நிக்கட்டுமே."

அன்று மத்தியானம் சாப்பிடும்போது தானாகவே சொன்னா. அவவின் குடும்பத்தில் ஒரு வருத்தம், பரம்பரை நோய், இருந்தது. கை நடுக்கத்தில் தொடங்கும், பிறகு நடை, பேச்சு, கடைசியில் ஆள். அம்மாவும் அண்ணனும் அப்படித்தான் போனார்கள். இரத்தத்தைக் கொடுத்தால் இருக்கா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். கலியாணம் பேசியிருந்த மகள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்: அம்மாவுக்கு இல்லையென்றால் தனக்கும் இல்லை. "இருக்கெண்டு வந்தா? என்ர பிள்ளைக்கு நானே குறி சொல்லுறதோ?" என்று கேட்டுவிட்டுச் சோற்றை மூடி வைத்தா. ஊர் உலகத்துக் கடலைக்கெல்லாம் குறி பார்க்கிற மனுசி, தனக்குப் பார்க்கப் பயந்தா. அப்போதுதான் காலையில் ஏன் ஃபானை நிற்பாட்டுகிறா என்பதும் விளங்கியது. அவ பார்த்தது செடியை இல்லை, தன்னுடைய கையை.

மாரிப் பனி முடிகிற நேரம். ஒரு காலை, ஃபான் நின்று, அறை முழுக்க ஒரு இலையும் அசையாமல் நிற்க, அக்காவின் கையில் இருந்த செடி மட்டும் ஆடியது. மெல்லிய ஆட்டம், யாரோ பக்கத்தில் நின்று ஊதுகிற மாதிரி. இரண்டு பேரும் அதையே பார்த்தோம். சட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "ஃபானைப் போடு" என்றா. அதன் பிறகு அவ அந்த ஃபானை நிற்பாட்டவே இல்லை.

பிறகு வருத்தம் அவவை வருசக்கணக்காகத் தின்றது. அக்கா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து, போன கிழமை மகள் மார்க்கம் நகரிலிருந்து வந்தாள். கலியாணத்தை இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாளாம். அந்தச் செடியின் விதையை நான் விடாமல் விதைத்து வருகிறேன். அந்த வழியில் வந்த ஒன்று பூத்து நின்றது, காட்டினேன். இலையைத் தொட்டு விரலை நாக்கில் வைத்துப் பார்த்து, "சோ சவர், புளிக்குது" என்று முகத்தைச் சுளித்தாள். அக்காவின் அதே சுளிப்பு. பிறகு, "அம்மா காலையில என்ன செய்வா எண்டு காட்டுங்கோ அன்ரி" என்றாள். எனக்கு மனமில்லை. ஆனாலும் தாயை இழந்த பிள்ளை, மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஃபானை நிற்பாட்டினேன். இரைச்சல் அடங்கியது. அவள் அந்தச் சட்டியைத் தூக்கி, தாயைப் போலவே முகத்துக்கு நேரே பிடித்தாள். தட்டுகளில் எல்லாம் அசைவு நின்றுவிட்டது.

"அன்ரி, ஃபான் ஓஃப்தானே?" என்று கேட்டாள், செடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் போய் ஃபானைப் போட்டேன். அறையில் இருந்த எல்லா இலைகளும் ஆடத் தொடங்கின.